ஏழாம் வீட்டின் தலைக்கணக்கு

நலம் தழைக்க. பொழுது தவறாது மழை பொழியும் செங்குவளை நாட்டின் கோமகள், மூன்று முரசுடையாள், பகைவர் உறக்கம் கெடுத்தாள், நல்லினி தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, திருமந்திர ஓலை எழுதும் அமைச்சன் மாறன் பொறையன் விடுக்கும் ஓலை.

மணற்கோட்டை ஆய்வவையின் முதல்வரும், முறைமைக் கடலும், ஐயம் அறுத்த அண்ணலும், இவை போதாவென்று சென்ற தைத்திங்களில் தமக்குத் தாமே மேலும் நான்கு விருதுகளைச் சூட்டிக்கொண்டவருமாகிய பேராசான் நெடுங்கண்ணனார் கண்டு தெளிக. உம் அவையும், அதன் ஏடுகளும், அவற்றை உம்மினும் ஆழ்ந்து படிக்கும் கரையானும் நலமென்று நம்புகிறோம்.

உம்மிடம் நான்காண்டு பயின்ற குறுங்கோதை, எல்லைப்புற மக்கள் எத்துணை மகிழ்ச்சியோடு வாழ்கின்றனர் என்று ஆய்ந்து பட்டம் பெறப் புறப்பட்டதை நீர் அறிவீர். அவளுக்கு நீர் தந்தவை பன்னிரண்டு வினாக்களும் இரண்டு விதிகளும். ஊர் வாயிலிலிருந்து எண்ணி ஏழாம் வீட்டில் மட்டுமே வினவ வேண்டும். ஆளில்லை என்றோ நாய் கடிக்கும் என்றோ அடுத்த வீட்டுக்கு நகரலாகாது. அவ்வீட்டில் உள்ள தலைகளைக் கண்ணால் கண்டு எண்ணியே எழுத வேண்டும். அடுத்த வீட்டுக்கு நகர்ந்த முன்னவர் இருவர் பட்டமிழந்து இன்று சந்தையில் உப்பு அளக்கிறார்கள். அதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

பதினெட்டு ஊர்களை முடித்து, குதிகால் வெடித்து, கடைசி ஊரான கருங்காலிப்பாடிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே இருந்தவை ஆறே வீடுகள். மும்முறை எண்ணினாள். ஆறாம் வீட்டுச் சாத்தன், கயிறு திரித்தபடியே அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "ஏழாவது வேணும்னா நீயே கட்டிக் குடிவந்துரு தாயி, எடம் சும்மாத்தானே கெடக்கு" என்றானாம். அவளும் சிரித்திருக்கிறாள். சிரித்தபின் உமக்கு எழுதினாள்: ஏழாம் வீடு இல்லாத ஊரில் என் செய்வது?

அவ்வோலையின் கட்டை அவிழ்க்காமலே நீர் விடை விடுத்தீர். "முறை பிழையாது. மீண்டும் எண்ணுக."

அவள் மீண்டும் எண்ணினாள். நட்ட நடுப்பகல். ஏழு இருந்தன.

பின் நிகழ்ந்தவை அவளே ஓலையோரத்தில் குறித்தவை. ஏழாம் வீட்டின் வாசல் அப்போதுதான் பெருக்கியதுபோல் இருந்தது. கூரைக்கு நிழல் இல்லை. வாயிலில் நின்ற பெண், வினா எழுமுன்பே, வரிசை சற்றும் மாறாமல் விடைகளைச் சொல்லிக்கொண்டே போனாள். இத்துணை ஒத்துழைக்கும் குடும்பத்தைப் பதினெட்டு ஊரிலும் கண்டதில்லை என்று குறுங்கோதை மகிழ்ந்து குறித்திருக்கிறாள். மகிழ்ச்சியோடு வாழ்கிறீர்களா என்பதற்கு விடை: மகிழ்ச்சிதான், ஆனால் ஆள் போதவில்லை. தலைகள் எத்தனை என்பதற்கு மட்டும் அப்பெண் அவளை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நாங்க நாலு பேரு. உள்ள வந்து எண்ணிக்கோ தாயி. வெளிய நின்னு எண்ணினா உங்க வாத்தியாரு ஒத்துக்க மாட்டாரு."

கடைசிக் குறிப்பு: "விதி இரண்டு. எண்ணுவதற்கு உள்ளே செல்கிறேன்."

சாத்தன் கண்டது வேறு. தன் வீட்டுக்கு அப்பால், முள் மண்டிய வெற்றுநிலத்தில், அவள் செருப்பைக் கழற்றினாள். தாழ்ந்த நிலைப்படியில் நுழைபவள்போல் தலை குனிந்தாள். பிறகு அங்கே செருப்பு மட்டுமே இருந்தது.

மறுநாள் அவளுடைய ஓலை, பூட்டு உடையாத உம் பேழைக்குள் கிடந்தது. நால்வர் என்பதை அடித்து, அவள் கையெழுத்திலேயே ஐவர் என்றிருந்தது. நீர் அஞ்சினீரா? ஒரு வீட்டின் சான்று போதாதென்று, சரிபார்க்க மேலும் மூன்று மாணாக்கரை விடுத்தீர். முள்நிலத்தில் இப்போது நான்கு இணைச் செருப்புகள் உள்ளன. பேழைக்குள் வந்த அடுத்த ஓலை எண்மர் என்றது. அதைக்கொண்டு, எல்லைப்புறத்தில் குடிப்பெருக்கம் போற்றத்தக்கது என்று பேரவையில் ஓதிப் பட்டும் பெற்றுக்கொண்டீர்.

இனி ஆணை. குறுங்கோதை தன் ஆய்வை விதி வழுவாது முடித்தாள். அவளுக்குப் பட்டம் உரியது. பட்டத்தை அவை முதல்வரே மாணாக்கரின் கையில் தருதல் வேண்டும் என்பது நீர் எழுதிய விதி. ஆதலால் நீரே கருங்காலிப்பாடிக்கு எழுந்தருளி, ஏழாம் வீட்டில், அவள் கையில் தருக. குதிரைவீரர் பதின்மர் ஆறாம் வீடுவரை துணை வருவர். உம் செருப்பைச் சாத்தன் பார்த்துக்கொள்வான்.

அவ்வீடு இல்லையென்று நீர் இன்று முறையிடுவதாகக் கேள்வி. நேற்று எம் அரண்மனைப் பேழைக்குள் வந்த ஓலையை இத்துடன் இணைத்துள்ளோம், கையெழுத்து அவளுடையதே. முன்பே இருந்தவர் நால்வர், நீர் அனுப்பியவர் நால்வர். அதன்பின் அவ்வூருக்கு ஒருவரும் செல்லவில்லை. ஓலையோ ஒன்பதின்மர் என்கிறது.

நாம் இருமுறை எண்ணிவிட்டோம். முறை பிழையாது.

இவ்வோலை கண்ட நாழிகையே புறப்படுக. கோமகள் திருமுன் அரக்கு உருக்கிக் குவளை முத்திரை பதித்தோம். மறுமொழி எழுத ஏடு அனுப்பவில்லை.