முள் நிற்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவமனை ஏசிக்கு இன்று மூன்றாம் தடவை போனேன். கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினால் முள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அறுபது, நூற்றிருபது, திரும்ப எழுபது. எதை நம்பி கேஸ் ஏற்றுவது? டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

மார்ச் 5

நானும் மச்சானும் கேஸ் முழுவதையும் இறக்கி மறுபடி ஏற்றினோம். அப்படியும் ஆடுகிறது, சனியன்.

மார்ச் 6, வியாழன்

வாயை அடக்கியிருக்கலாம். கேஸ் ஏற்றும் முன் பம்ப் போட்டு, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது மச்சான் வேலை. அவன்தான் அரைகுறையாக நிறுத்தியிருப்பான் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"முழுசா ஒரு மணி நேரம் ஓட்டினேன் மாமா."

"பொய் சொல்லாதடா! உள்ள ஈரம் இல்லாம முள்ளு ஏன் ஆடுது?"

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஆறு வருஷம் உங்ககூட இருந்தது போதும். இனி நான் தனியா பாத்துக்கறேன்."

போகட்டுமே! எனக்கென்ன?

மார்ச் 7

வீட்டில் மனைவிக்குக் கோபம். அவள் தம்பியாயிற்றே. "அவன் பொய் சொல்ற ஆளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

மார்ச் 10, திங்கள்

மருந்துக்கடையில் புத்தம் புது ஏசி. குளுகுளுவென்று ஓடுகிறது. சும்மா பார்ப்போமே என்று கேஜை மாட்டினேன். அதே ஆட்டம்!

அப்படியானால் கோளாறு கேஜில்தான். கேஜின் ஹோஸ் குழாயைக் கழற்றி அதன் வாயைப் பார்த்தேன். போன மாதம் வாஷர் தொலைந்துபோய், பழைய சைக்கிள் டியூபை வெட்டி நானே போட்ட ரப்பர் வளையம். ஆயிலில் ஊறி உப்பி, துவாரத்தைப் பாதி அடைத்துக்கொண்டு கிடக்கிறது; முள் ஆடியது அதனால்தான். ஐயோ, அவனைப் போய்— முட்டாள். நான்தான் முட்டாள்.

மார்ச் 11

சரியான வாஷர் வாங்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். முள் அசையாமல் நின்றது. தப்பு என்னுடையது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே அந்தத் தம்பியையே கூப்பிட்டுக்கறேன், நம்பர் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

மச்சானுக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. 'மன்னிச்சுடுடா' என்று எழுதி அனுப்பினேன். பார்த்திருக்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

அவனே கூப்பிட்டான். "மாமா, மருத்துவமனையில மாடிக்கும் ஏசி மாட்டச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?"

எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டேன்.