ஒரு சீட்டுக்கு எத்தனை பேர்

கட்கி, புனே - 3
9-9-1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெகதீசன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் வாடி ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. புது வீட்டு மோட்டார் சரியாகிவிட்டதா?

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

கிரகப்பிரவேசப் பந்தியில் யாரோ கீர்த்தியைப் பார்த்து, "பூனாவுல இன்ஜினியரிங் கிடைச்சிருச்சாமே" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார்கள். நீ சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, "அங்கெல்லாம் கிடைக்கிறது இன்னா பெரிசு? என் புள்ள விஜய் படிக்கிற காலேஜுல ஒரு சீட்டுக்கு நாப்பது பேரு. பூனாவுல ஆறே பேரு. பத்திரிகையிலயே போட்டுக்கிறான்" என்றாய். பந்தியே சிரித்தது. என் பெண் பாதி இலையில் எழுந்தாள். வயிற்றுவலி என்று அவள் அம்மா சமாளித்தாள்.

ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சோலாப்பூர் தாண்டியதும், "அப்பா, என் சீட் சஸ்தாவா?" என்று கேட்டாள். மலிவு என்ற தமிழ் வார்த்தை அவளுக்குத் தெரியாது. நீ சொன்னதன் அர்த்தம் தெரிந்துவிட்டது.

நீ கணக்கு டீச்சர். உங்கள் ஊரில் எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். தட்டுத்தடுமாறிப் பாஸானவனும் போடுகிறான். அத்தனை தலையையும் விஜய் சேர்ந்த கல்லூரிக் கணக்கில் எழுதினால் நாற்பதும் வரும், நானூறும் வரும். இங்கே போன வருஷம் எந்த மார்க்கில் நின்றது என்று பார்த்துவிட்டுப் பாதிப் பேர் ஃபாரமே வாங்குவதில்லை. வாசலோடு திரும்பிப் போனவர்களை உன் பத்திரிகை எண்ணியதா?

கீர்த்திக்கு நீ நாலு வரி எழுதினால் போதும்.

உன் தம்பி,
ஜெகதீசன்

*

கொளத்தூர், சென்னை
20-9-1998

அன்புள்ள தம்பிக்கு,

மோட்டார் சரியாகவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருகிறேன் என்று தினமும் சொல்கிறான்.

பந்தியில் சொன்னது நான் கட்டிய கதையல்ல. இரண்டு பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்திருந்தார்கள். படித்ததைச் சொன்னேன். அதற்கு உன் மகள் இலையை விட்டு எழுந்தால், அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தது யார்?

இத்தனை வருஷமாக உன் கடிதங்களில் நான் என்ன படித்தேன்? பூனாவில் வெயில் இல்லை, பூனாவில் தண்ணீர்ச் சண்டை இல்லை, கீர்த்தி இங்கிலீஷில் முதல், கீர்த்தி மராத்தியிலும் முதல். விஜய் எப்படிப் படிக்கிறான் என்று ஒரு கடிதத்தில் கேட்டாயா? என் வீட்டு விசேஷத்தில், என் மகனைப் பற்றி ஒரு நாள் நான் சத்தமாகப் பேசக் கூடாதா?

நாலு வரி எழுதச் சொல்கிறாய். என்ன என்று எழுத? கணக்கு பொய் என்றா?

அன்புடன்,
அக்கா தமிழரசி

*

கட்கி, புனே - 3
2-10-1998

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கு பொய் என்று எழுத வேண்டாம். கணக்கில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

ஜூலையில் கீர்த்தியை அழைத்துக்கொண்டு ஃபாரம் கொடுக்கப் போனேன். பேரணாம்பட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த நம் சாதிச் சான்றிதழை நீட்டினேன். கிளார்க் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "யே இதர் நஹி சலேகா. தமிழ்நாடு மே சலேகா" என்றான். இது இங்கே செல்லாது, உன் ஊரில்தான் செல்லும் என்று. "என் பொண்ணு இங்கேயே பொறந்தவ சாப்" என்றேன். "அவ பொறந்தது போதாது, உன் அப்பா அம்பதாம் வருஷத்துலயே இங்க இருந்திருக்கணும்" என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ரயில் ஏறியதும் நம் சாதி மாறிவிட்டதா அக்கா? சர்க்காருக்கு மாறிவிட்டது. இந்தக் காலனியில் எங்களுக்கு வீடு கொடுக்க மறுத்தவர்களுக்கு மட்டும் மாறவில்லை.

அதனால் கீர்த்தி பொதுப் பட்டியலில் நின்றாள். டாக்டர் பிள்ளைகளோடும் வக்கீல் பிள்ளைகளோடும் நின்று, எந்தக் கையும் பிடிக்காமல் ஏறினாள். உங்கள் மகன் எந்தப் பட்டியலில் ஏறினான்? கீர்த்தியை விடக் குறைந்த மார்க். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவன் இன்று எங்கே இருப்பான் என்று பந்தியில் நான் கேட்டிருந்தால், அப்போதும் எல்லாரும் சிரித்திருப்பார்களா?

ஜெகதீசன்

*

கொளத்தூர்
12-10-1998

ஜெகதீசா,

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். மரியாதை என்று நான் ஏமாற மாட்டேன்.

விஜய்க்குச் சீட் கிடைத்த அன்று பள்ளிக்கு லட்டு வாங்கிப் போனேன். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, "கோட்டாவுக்கும் லட்டா டீச்சர்?" என்றார். வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னார். நான் டப்பாவை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் எனக்கு அன்னியர். அதே பேச்சு என் கூடப்பிறந்தவன் கையெழுத்தில், என் வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கிறது.

நம் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர். நான் டீச்சர் டிரெய்னிங் போனது எந்தப் பட்டியலில்? உன்னைக் கட்கியில் மத்திய அரசு ஃபேக்டரியில் எடுத்தார்களே, அது எந்தப் பட்டியல்? அதில் ஏறித்தானே பூனாவுக்குப் போனாய்? ஏறிய பிறகு அது உனக்கு அசிங்கமாகிவிட்டதா?

அந்த கிளார்க் உன் மகளின் உரிமையைப் பிடுங்கினான். நீ அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. என் மகன் சட்டையைப் பிடிக்கிறாய்.

மார்க் கணக்கும் கேள். இரண்டு மாநிலத்துப் பரீட்சை, இரண்டு மாதிரித் திருத்தம். அதை ஒன்றாக வைத்துப் பார்த்தது உன் தப்பு. இரண்டு ஊர் விண்ணப்பத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தது என் தப்பு. என் தப்பால் ஒரு பெண் இலையை விட்டு எழுந்தாள். அதற்கு நான் வருந்துகிறேன். உன் தப்பு என்ன செய்தது தெரியுமா? உன் கடிதம் வந்தால், நான் சமைத்துக்கொண்டே கேட்க, விஜய்தான் பிரித்துப் படித்துக் காட்டுவான். பாதி வரை படித்தான். பிறகு மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அவன் கல்லூரியில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். மாமாவிடமிருந்து கேட்டது முதல் தடவை.

இனி எனக்கு எழுதாதே.

தமிழரசி

*

கட்கி, புனே - 3
29-11-1998

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் கீர்த்தி கல்லூரியிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். அவள் வகுப்பில் நாந்தேட் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வரைபடத்தில் ஏதோ தப்புப் போட்டதற்கு, பையன்கள் அவளை கோட்டா கோட்டா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து, "நானும் எஸ்.சி.தான். எனக்கு இங்க சர்ட்டிஃபிகேட் இல்ல, அவ்ளோதான்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு ஒருவன், "அப்ப நீ மெரிட். நீ வேற, அவ வேற" என்றானாம்.

இதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அத்தைக்கு நீ இன்னா எழுதின? விஜய்க்கு நான் ரெண்டு லெட்டர் போட்டேன். பதிலே வரல."

நான் மறைக்கவில்லை. எழுதியதை அப்படியே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்தப் பசங்க பேசின அதே பேச்சுப்பா" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பேசுவதில்லை.

அவள் ஜெயித்ததற்கு நான் பட்ட சந்தோஷம் நிஜம் அக்கா. அந்த ஃபாரம் கவுண்டரில் நான் பட்ட அவமானமும் நிஜம். இரண்டையும் கொண்டுபோய் விஜய் தலையில் கொட்டினேன். அவன் அங்கே உட்கார்ந்திருப்பது அவன் உரிமை. இதை அவனுக்குப் படித்துக் காட்டு. என்னைத் திட்டினால் திட்டட்டும்.

இங்கே நம்மைப் போன்ற குடும்பங்கள் சேர்ந்து, அந்தச் சான்றிதழ் இங்கேயும் செல்ல வேண்டும் என்று மனு எழுதுகிறோம். எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. முதல் கையெழுத்து கீர்த்தி போட்டாள். மனுவால் இனி அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

உன் தம்பி,
ஜெகதீசன்

*

கொளத்தூர்
14-12-1998

ஜெகதீசனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விஜய் கேட்டுவிட்டு எழுந்து போனான். கீர்த்தியின் இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறான். சாயங்காலம் பிரித்துப் படித்தான். "பாதி தமிழ், பாதி இந்தி, எழுத்தெல்லாம் தலைகீழா போட்டுக்கிறா" என்று சிரித்தான். இந்த வீட்டில் அவன் சிரித்து நாளாகிறது.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். நீ எழுதிய அந்த வரி காலையில் பஸ்ஸில் நிற்கும்போது வருகிறது, போர்டில் எழுதும்போது வருகிறது. எப்போது போகும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் பொங்கலுக்கு உன்னை அழைக்கவில்லை. நீயாக வந்து நிற்காதே.

கீர்த்தியை அனுப்பு. அந்தப் பையன்கள் முன்னால் எழுந்து நின்றவளை நான் பார்க்க வேண்டும். பந்தியில் சொன்னதற்கு நாலு வரி எழுத மாட்டேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். தனியாக வரப் பயப்படுவாளோ என்று நீ யோசிக்காதே, அவள் உன்னைப் போல இல்லை. மெயிலில் ஏற்றிவிடு. சென்ட்ரலில் விஜய் நிற்பான்.

அக்கா