பழைய வெர்ஷனின் கையெழுத்து

2011, ஐப்பசி, வெள்ளி இரவு.

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு நானே என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். பாப்பா இப்போதுதான் அழுதபடியே தூங்கினாள்.

சிங்கப்பூரிலிருந்து அவர் ஜெயில்பிரேக் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, அனுப்பிய ஃபோனில், வைஃபை இல்லாமலேயே வீடியோ கால் வரும். அப்பா முகத்தைப் பார்த்துத்தான் பாப்பா தூங்குவாள். காலையில் கம்ப்யூட்டரில் மாட்டி அப்டேட்டை அழுத்திவிட்டேன். அந்த வசதி போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவரத் திண்டிவனத்தில் யாருக்கும் தெரியவில்லை. விழுப்புரம் கடைக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, யாரையும் கேக்காம அமுக்கிக்கினு வந்துட்டீங்க? பழைய வெர்ஷனுக்குக் கம்பெனி இனிமே கையெழுத்து போடாது, அது இல்லாம ஃபோன் ஏத்துக்காது. அந்தக் கையெழுத்த முன்னாடியே வாங்கி கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணி வெச்சிருந்தா பழசுக்கே எறக்கிடலாம்."

ஒவ்வொரு ஃபோனுக்கும் தனிக் கையெழுத்தாமே! இன்னொரு ஃபோனுடையது இதற்கு ஆகாதாம். பழையபடி ஆவதற்கும் அனுமதியா? யார் போடுகிறார்கள், எங்கே இருக்கும்?

அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: "ஏங்க, அந்தக் கையெழுத்த சேவ் பண்ணி வெச்சீங்களா? சீக்கிரம் பதில் போடுங்க."