மாளிகைக்குள் ஒரு முருங்கை

என் ஆசை மச்சான் சூசைக்கு,

நீ போய் இரண்டு வருசமாகிறது. என் எட்டாம் வகுப்புப் படிப்புக்குக் கடிதமெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். இன்று பொறுக்க முடியவில்லை. மரத்தைப் பார்த்துவிட்டேனடா!

இருபது வருசமாகப் பலெர்மோவின் வீடுகளைக் கூட்டித் துடைத்தோமே, ஒருநாளாவது ஊர் பார்த்தோமா? எங்கள் கல்யாண நாளுக்கு மகள் இரண்டு டிக்கெட் எடுத்துத் தந்தாள். எங்கே தெரியுமா? நீ வேலை செய்த அதே மாளிகைக்கு. இப்போது சனிக்கிழமைகளில் சனம் பார்க்கத் திறக்கிறார்கள்.

கல்யாணத்துக்குத் தைத்த கோட் போட்டேன். ஒரு பொத்தானும் பூட்ட முடியவில்லை. உன் தங்கை ரோசி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தாள். வீட்டடியில் பஸ் ஏறிப் போய் இறங்கியதும், நான் நேரே பின்பக்கம் போய் வேலைக்காரர் கதவு மணியை அடித்தேன். பழக்கதோசம்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு நாங்கள் முன்வாசல் ஆக்கள்!" என்று இழுத்துப் போனாள்.

பளிங்குப் படிகள். கூரை முழுக்கச் சிறகு விரித்த சம்மனசுகளின் ஓவியம். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு உள்தோட்டம். எலுமிச்சைகளுக்கும் மூக்குடைந்த சிலைகளுக்கும் நடுவில், மாடி ஜன்னல் உயரத்துக்கு, காய் தொங்கத் தொங்க முருங்கை!

மகள் கோயிலில் முதல்நன்மை எடுத்த நாள் விருந்தில் நீ இதைத்தானே சொன்னாய்? "இந்தக் குளிருக்குள்ள முருங்கையோ? புளுகன்!" என்று எல்லோர் முன்னாலும் நான் கத்தினேன். சனம் சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ அந்த மரத்தின் கதையே எடுக்கவில்லை. நான் ஏன் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை?

சுற்றிக்காட்டிய பெண் சொல்கிறாள்: "இந்த மாளிகைப் பிரபுவின் தாத்தா கிழக்கிலிருந்து கொண்டுவந்த அபூர்வ மரம்."

ரோசி என் விலாவில் இடித்தாள். "சொல்லுங்கோ அவளுக்கு. சனத்துக்கு முன்னால அண்ணாவைப் புளுகன் எண்ட வாய்தானே? சனத்துக்கு முன்னாலயே சொல்லட்டும்."

கையை உயர்த்தினேன். என் இத்தாலியன் உனக்குத் தெரியும்தானே. "சிஞ்ஞோரினா, தாத்தா இல்லை. என் மச்சான்."

"எப்படித் தெரியும்?"

"நாங்கள் இதைச் சாப்பிடுகிறவர்கள்."

முழுக் கூட்டமும் சிரித்தது. அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குள் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிழவர் திரும்பினார். "அவர் சொல்வது சரி. ஜுசெப்பே நட்டது. சட்டைப்பையில் விதை கொண்டுவந்தான்." உன்னை அங்கே ஜுசெப்பே என்றுதான் கூப்பிட்டார்களாம்.

அந்தப் பெண் உன் பெயரை எழுதிக்கொண்டாள், மச்சான். கிழவர் நான்கு காய் பறித்துத் தந்தார். கைப்பைக்கு மேலே காய்கள் நீட்டிக்கொண்டு நிற்க, உன் தங்கை பளிங்குப் படியில் ராணி மாதிரி இறங்கினாள்.

கல்லறைத் திருநாளுக்கு, அன்று சிரித்த அத்தனை பேரையும் உன்னிடம் கூட்டி வருவேன். மரம் எவ்வளவு உயரம் என்று கேட்டால், உள்ளதைவிட இரண்டு அடி கூட்டியே சொல்வேன். இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிய புளுகன்,
பெனடிக்ற்