முன்கூட்டியே எழுதிய ஆறு வாரம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள பெரியப்பா,

நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நம்புகிறேன். வாசலிலேயே கைபேசிகளை வாங்கி டப்பாவில் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் கடிதம்.

பள்ளியின் தொழிற்கல்விப் பொறுப்பாளரான உங்களுக்கு ஒரு தகவல். பன்னிரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் பிரிவு என்று பன்னிரண்டு பெண்களை இந்தக் கோழி இறைச்சிக் குளிர்க்கிடங்குக்குப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள் அல்லவா? குளிர் கிடைத்துவிட்டது. சாதனத்தைத்தான் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்கள். இரத்தத்தோடு உறைந்த பனியைத் தரையிலிருந்து சுரண்டுகிறோம். வடிகால் அடைத்தால் முழங்கை வரை விட்டு இறகையும் கொழுப்பையும் அள்ளுகிறோம். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு முன்னால் விரல் நாற்றம் வாய்க்குள் போகிறது.

இயந்திர அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். மேற்பார்வையாளர், "அதுல கைய வச்சா கெட்டுப்போயிடும்மா. நீங்க இதுல வைங்க" என்று வடிகாலைக் காட்டினார்.

இன்னொன்று. புறப்படும்போது பன்னிரண்டு பேரின் பயிற்சி நோட்டையும் என்னிடம் கட்டாகக் கொடுத்து, தினமும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கச் சொன்னீர்கள். இன்று பிரித்தேன். ஆறு வாரமும் நிரம்பியிருக்கிறது, உங்கள் முத்தான கையெழுத்தில். இன்று நான் கம்ப்ரசரின் பாகங்களைக் கண்டறிந்தேனாம். ஜோசியம் எப்போது கற்றுக்கொண்டீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மகள் (மூக்கு நீங்கலாக)


ஆகஸ்ட் 9

என் வாயாடி மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். பெரியம்மா எலுமிச்சை வாசனைச் சோப்பு இரண்டு வைத்திருக்கிறாள்.

வாயைக் கொஞ்சம் சுருக்கு. பதினான்கு நிறுவனங்களின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். பள்ளிப் பிள்ளைகளா, இயந்திரத்தை உடைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். இந்தக் கிடங்கு ஒன்றுதான் சரி என்றது. பயிற்சி இல்லையென்றால் பிரிவை மூடிவிடுவார்கள். அப்புறம் உங்கள் பன்னிரண்டு பேரின் கதி?

தேர்வாளர் பார்ப்பது நோட்டைத்தான். நீங்கள் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும். அதனால்தான் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து நானே எழுதினேன். விரல் வீங்கிவிட்டது. அதைக் கேட்க ஆளில்லை.

ஆறு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா


ஆகஸ்ட் 21

அன்புள்ள பெரியப்பா,

சோப்பு வந்தது. இப்போது எலுமிச்சை தடவிய கோழி மாதிரி நாறுகிறோம்.

ஒரு குறும்பு செய்திருக்கிறேன், திட்டாதீர்கள். வாயில்காவலரிடம் சொல்லிப் பன்னிரண்டு புது நோட்டு வாங்கினோம். உங்கள் நோட்டுகள் பெட்டிக்குள் தூங்குகின்றன. நடந்ததை நாங்களே எழுதி நீட்டுகிறோம். மேற்பார்வையாளர் படிப்பதே இல்லை, கொசு அடிப்பது போல முத்திரையை அடித்துவிட்டுப் போகிறார். "இன்று கற்றது: கெட்டுப்போன கோழியை உப்புநீரில் முக்கினால் நல்ல பெட்டிக்குள் போகலாம்." அதற்கும் முத்திரை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நேற்றுவரை.

நேற்று நெட்டச்சியை, அதுதான் எனக்கு அடுத்த கட்டிலில் படுப்பவளை, குளிர்க் குழாய்க்கு அடியில் சுரண்ட அனுப்பினார்கள். குழாய் கசிந்து அம்மோனியா வாயு நேராக முகத்தில் அடித்தது. எந்த வால்வை அடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கதவருகில் நாங்கள் பதினொரு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

இரவு உங்கள் நோட்டைத் திறந்தேன். பத்தொன்பதாம் தேதி: "வாயுக் கசிவின்போது வால்வை அடைக்கும் முறையைச் செய்து பழகினேன்." முந்தின நாள்தான் பழகியிருக்கிறோம், பெரியப்பா.

அவளுடைய இடது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். இருபதாம் தேதிக்கு நான் என்ன எழுதட்டும்?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? முகத்தை அடிக்கடி கழுவு.

இப்போது கவனமாகக் கேள். இருபதாம் தேதி அந்தப் பெண் விடுப்பு, அவ்வளவுதான். நான் எழுதிய அவள் நோட்டில் அந்த நாளை அடித்துவிட்டு அப்படியே எழுதச் சொல்; என் நோட்டுகளுக்கு மொத்தமாக முத்திரை வாங்கிவிடு. நீங்கள் எழுதிய பன்னிரண்டையும் கொளுத்திவிடு. செப்டம்பர் 12 தேர்வாளர் அங்கே வருகிறார். அவர் கைக்குப் போக வேண்டியது நான் எழுதிய நோட்டுகள் மட்டும். மாறினால் பிரிவும் போகும், என் வேலையும் போகும்.

உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து உன்னை என் பிள்ளையாக வளர்த்திருக்கிறேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பெரியப்பா


செப்டம்பர் 13

பெரியப்பாவுக்கு,

நேற்றுக் காலை வரை உங்கள் பேச்சைக் கேட்பதாகத்தான் இருந்தேன். உங்கள் நோட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தும் விட்டேன். நான் சொன்னேன் என்பதற்காக நெட்டச்சி கட்டிலில் உட்கார்ந்து, தாளை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, நீங்கள் எழுதிய தன் நோட்டில் "விடுப்பு" என்று எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் தலையைத் தூக்கி, சண்டைக்கு இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள்: "அன்னிக்கு நான் லீவுன்னா, இந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு கேட்டா என்னடி சொல்றது?"

கொளுத்தாமல் வைத்திருந்த எங்கள் நோட்டுக் கட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தேர்வாளர் வந்தார். இரண்டு கட்டையும் கொடுத்தேன். "இது யார் கையெழுத்து?" என்றார். "எங்க பெரியப்பா." "இது?" "எங்களோடது." எங்கள் நோட்டைத்தான் அவர் முதலில் படித்தார். நாலாவது பக்கத்தில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்தப் பயிற்சி செல்லாது என்று எழுதிவிட்டார். பன்னிரண்டு பேருக்கும் ஒரு வருடம் போனது. ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், அடுத்த தடவையாவது மெஷினைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். பிரிவு என்ன ஆகும், நீங்கள் என்ன ஆவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோழியின் குடலை ஆறு வாரம் அள்ளினேன், வாந்தி வரவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டுத்தான் குளியலறைக்கு ஓடினேன்.

காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை. நெட்டச்சி வீட்டில் இருப்பேன். பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை நெட்டச்சியைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இடது பக்கம் வண்டி வந்தால் அவளுக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கம் நான் நடக்கிறேன்.

இப்படிக்கு,
வரிசை எண் 7,
குளிர்சாதனப் பிரிவு