மதுரா வைக்காமல் கொண்டுவந்த கல்

எப்போதும் சங்கிலியைப் போட்டபடியே வாசற்கதவைத் திறக்கும் என் அம்மாவுக்கு,

நீங்கள் போன பிறகும் அந்தச் சங்கிலியை நான் கழற்றவில்லை. நாங்கள் தஞ்சம் வந்த இந்த வென்ட்வேர்த்வில் வீடு அப்படியேதான் இருக்கிறது. ஹோலில் அண்ணாவின் படமும் நீங்கள் மாட்டிய இடத்திலேயே, உயிரோடு இருப்பவர்களின் படங்களுக்கு நடுவில், மாலையில்லாமல். உங்கள் படத்துக்கு மாலை போட்டாயிற்று. அதை எதிர்ச்சுவரில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பேத்தி மதுரா போலந்துக்குப் போய்வந்துவிட்டாள். அவளோடு படிக்கும் தாலியாவை நினைவிருக்கிறதா? அந்த யூதப் பிள்ளை. தங்கள் முன்னோர் வாழ்ந்த தெருக்களையும் அவர்கள் கொல்லப்பட்ட முகாம்களையும் பார்க்க அவர்களுடைய பிள்ளைகள் குழுவாகப் போவார்கள். இந்த முறை பள்ளிச் சிநேகிதரும் வரலாம் என்றார்களாம்.

ஏன் எங்கள் பிள்ளை? "சும்மா ஆரும் கூப்பிடுவினமோ?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். தாலியாவின் அம்மா வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தா. பிறகு மெதுவாக, உங்கள் நாட்டுப் போரில் யாரையாவது இழந்தீர்களா என்றா. இல்லை என்றேன். அவவின் கண் அண்ணாவின் படத்துக்குப் போய்த் திரும்பியது. மதுரா ஏதாவது சொல்லியிருப்பாளோ?

உங்கள் மருமகன் குகன் தன் பாட்டில் பகிடி விட்டார். "முகாமில இருந்து தப்பி வந்த சனம் நாங்கள். இவள் பிளேன் ஏறி முகாம் பாக்கப் போறாளாம்." அவர் சிரித்தார். மதுரா சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லாததாலதான் போறன்" என்றாள்.

பயணம் முடிகிற நேரம், ஒரு பின்னேரம், நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் அழைத்தாள். அவளுக்குப் பின்னால் பழைய யூத மயானம். கல்லறைகளில் அவர்கள் பூ வைப்பதில்லை, சின்னக் கல் வைப்பார்களாம். கல்லறை கிடைக்காதவர்களுக்கும் ஓரிடத்தில் பெயரைச் சொல்லி ஒரு கல் வைப்பார்களாம்.

"அம்மா, ஒரு குவெஸ்டின். எங்கட ஆக்களுக்கும் வைக்கலாமெண்டு சொல்லினம். நான் மாமாவின்ர பெயரைச் சொல்லட்டோ?"

"வேண்டாம். கல்லைக் கீழ போடு."

"வை நாட்? மாமா செத்திட்டாரோ இல்லையோ?"

அடுப்பை அணைத்தேன். அண்ணா சைக்கிளில் 'போட்டு வாறன்' என்று போனவர். போர் முடிந்தும் வரவில்லை. வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாதே.

"தாலியாவின்ர பூட்டனும் தொலைஞ்ச தங்கச்சி வருவா எண்டு பாத்துக்கொண்டே இருந்தவராம்" என்றாள். "இப்ப இவையள் அவவுக்குக் கல் வைக்கினம்."

காத்திருந்தது போதும் என்று அந்த வீட்டில் யார் முடிவெடுத்தது? எந்த நாளில்? அதை நான் மதுராவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியது உங்களிடம், அம்மா.

மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனுக்கு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்யும்போது ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை? நீங்கள் எப்போதும் அண்ணாவில்தான் தொடங்குவீர்கள், பிறகுதான் நான். போவதற்கு முந்திய வருடம் ஒரு வெள்ளி என்னில் தொடங்கினீர்கள். அதற்குப் பிறகு அண்ணாவின் பெயர் வரவே இல்லை. காரில் ஏன் என்று கேட்டேன். "ஐயருக்கு அவசரம்" என்றீர்கள். எங்களுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லையே, அம்மா.

யாராவது உங்களுக்கு ஏதாவது சொன்னார்களா? ஊரிலிருந்து வந்த ஆரோ ஒரு அன்ரி? இல்லை, களைத்துவிட்டீர்களா? படத்தை மட்டும் ஏன் இடம் மாற்றவில்லை? எனக்காகவா?

மதுரா வந்து இறங்கினாள். அந்தக் கல் அவள் பையில் இருந்தது. மண் ஒட்டியிருக்கிறதா என்று எயார்போர்ட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம்.

"வைக்கேல்லையோ?" என்றேன்.

"நீங்கள் ஏசினதால இல்லை. என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாம நான் எப்பிடி மாமாவைச் சாகடிக்கிறது?"

படத்துக்குக் கீழே வைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். இப்போது அது குசினி யன்னலில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். உங்களையும் சந்தேகப்படுகிறேன்.

வருகிற வெள்ளி மதுராவையும் கூட்டிக்கொண்டு மேய்ஸ் ஹில்லுக்குப் போகிறேன். நீங்கள் அறிந்தது எதுவோ, அதை எனக்குச் சொல்லாமல் போய்விட்டீர்கள். ஆகவே எனக்குத் தெரியும்வரை நான் நிறுத்த மாட்டேன். ஐயர் கேட்கும்போது முதலில் சொல்வேன்: சுதாகரன், அனுஷ நட்சத்திரம்.

இன்னும் சுதாகரனின் தங்கச்சியாகவே இருக்கும்
உங்கள் மகள்,
வாணி