பிள்ளையார் பக்கத்து கோல் போஸ்ட்

ஜனவரி 20, திங்கள்

சனிக்கிழமை 0–2. எட்டு மேட்ச்சில் ஐந்தாவது தோல்வி. பால் பாக்கெட் வாங்குகிற மாதிரி கோல் வாங்குகிறோம். நாள் தவறாமல், ரெண்டு ரெண்டாக.

இன்று பி.டி. பீரியடில் ஆண்டியப்பன் சார் டீம் மொத்தத்தையும் வேப்பமரத்தடியில் நிற்கவைத்தார். உண்ணாமலையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கடைசி மேட்ச்சுக்கு கோல்கீப்பர் புவனேஸ்வரி. நைன்த்துதான், ஆனா புள்ள சுறுசுறுப்பா இருக்கா. ஒனக்கு ரெண்டாம் பாதியில கை விழுந்துருது உண்ணாமலை. நான் என்ன செய்யட்டும்?"

அவள் கிளவுஸைக் கழற்றிப் பையில் வைத்தாள். பெயரில்தான் 'உண்ணா', தினமும் என் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் காலி பண்ணுகிறவள். மதியம் தக்காளி சாதத்தை நீட்டினேன், வேண்டாம் என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிப்ரவரி 1 கடைசி மேட்ச். அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேர் வருகிறார்கள். அபுதாபியில் இருக்கிற அவள் அப்பா போனிலேயே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. "ஹாஸ்டல்ல எடுத்தா வெளையாடு. இல்லன்னா இதோட பூட்ஸக் கழட்டிரு." மைதானத்தில் இறங்காதவளை யார் எடுப்பார்கள்?

சார் சொல்வது தப்பு. எப்படித் தெரியும்? — தெரியும், அவ்வளவுதான். நிரூபிக்கிறேன். என்னிடம் நோட்டு இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

நோட்டு எனக்குப் பரிசாக வந்ததல்ல. நவம்பரில், லீக் தொடங்குவதற்கு முந்தின வாரம், சாரின் விசிலுக்குள் பஞ்சு வைத்தேன். அவர் ஊத ஊதக் கன்னம் மட்டும் பூரியாக உப்பியது, சத்தம் வரவில்லை. டீமே தரையில் புரண்டு சிரித்தது. தண்டனை உடனே வந்தது: "பிரகதீஸ்வரி, லீக் முடியிற வரைக்கும் நீ பெஞ்ச்சு. சும்மா ஒக்காராத, எழுது. ஒரு பந்து விடாம எழுது."

வீம்புக்கு ஒரு பந்து விடாமல் எழுதினேன். யார் யாருக்குத் தள்ளினார்கள், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், தரையோடு வந்ததா உயரத்தில் வந்ததா. எட்டு மேட்ச், நாற்பத்தேழு பக்கம். சார் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இதற்குப் பெயர் புள்ளியியலாம். எனக்குப் புள்ளி வைத்தால் கோலம்தான் வரும். பரவாயில்லை, இந்த முறை கோல் வரட்டும்.

ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்து உட்கார்ந்ததைப் பார்த்து அம்மா பூஸ்ட் போட்டுக் கொடுத்தாள். நான் கணக்குப் பாடம் படிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பொய் இல்லையே. கணக்குதானே.

ஜனவரி 22, புதன்

எண்ணி முடித்தேன்.

வாங்கிய கோல் மொத்தம் பதினாறு. முதல் பாதியில் மூன்று. இரண்டாம் பாதியில் பதின்மூன்று.

சார் சொன்னதுதான் சரி. கை விழுகிறது. சிவப்புப் பேனாவில் நானே எழுதிக் காட்டிவிட்டேன்.

எதுக்குடி பிரகதி எண்ணுன? சும்மா கெடந்திருக்கலாம்ல? அவளக் காப்பாத்துறேன்னு போயி, சாருக்கே சாட்சி சொல்லிட்டு வந்து நிக்கிற.

ஜனவரி 23, வியாழன்

நோட்டைத் திறக்கவில்லை. பூஸ்ட் மட்டும் குடித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

கெமிஸ்ட்ரி வகுப்பில் திடீரென்று தோன்றியது. கை விழுகிறதென்றால் எல்லா மேட்ச்சிலும் விழ வேண்டும் அல்லவா? மேட்ச் மேட்ச்சாகப் பிரித்தேன்.

ஐந்து மேட்ச்சில் இரண்டாம் பாதிக் கோல்கள் 3, 2, 3, 2, 2. ஆகப் பன்னிரண்டு. மீதி மூன்று மேட்ச்சும் சேர்த்து ஒன்றே ஒன்று! அந்த மூன்றில் ஒன்று புதுக்கோட்டை டவுன் டீமோடு. லீக்கிலேயே பலமான டீம். அவர்களிடம் விழாத கை மற்றவர்களிடம் மட்டும் ஏன் விழுகிறது?

இன்னொன்று. அந்தப் பன்னிரண்டில் பத்து, உயரத்தில் வந்த பந்து. தரைப் பந்தென்றால் அவள் விழுந்து பிடித்துவிடுகிறாள்.

அந்த மூன்று மேட்ச்சில் என்ன வித்தியாசம்? மூன்றாவதிலும் ஏழாவதிலும் எதிர் டீம் டாஸ் ஜெயித்து முதல் பாதிக்குப் பிள்ளையார் சிலை இருக்கிற பக்கத்தை எடுத்துக்கொண்டது. நான்காவது, குன்றாண்டார்கோவில் டீமோடு, டிசம்பர் மழை நாள். 'மேகமூட்டம், பந்து கனமாக இருக்கிறது, என் ஜட்டி வரை ஈரம்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். நல்லவேளை சார் படிக்கவில்லை.

மழைக்கும் பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கு மைதானத்துக்குப் போகிறேன்.

ஜனவரி 25, சனி

உண்ணாமலையை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனேன்.

லீக் மேட்ச் எல்லாம் எங்கள் மைதானத்தில்தான், நாலே காலுக்குத் தொடங்கும். மேற்கு கோல் போஸ்டுக்குப் பின்னால் குட்டிப் பிள்ளையார். டாஸ் ஜெயித்தால் எங்கள் டீம் முதல் பாதியில் அவர் பக்கம்தான் நிற்கும். அது ஐதீகம். அப்படியானால் இரண்டாம் பாதியில் எங்கள் கீப்பர் கிழக்கு போஸ்டில், மேற்கைப் பார்த்து.

ஐந்தேகாலுக்கு நான் கிழக்கு போஸ்டில் நின்றேன். அவள் தூக்கி அடித்தாள். பந்து அவள் காலை விட்டுக் கிளம்பியது தெரிந்தது. அப்புறம் சூரியன் தெரிந்தது. அப்புறம் பந்து என் முதுகுக்குப் பின்னால் வலையில் கிடந்தது.

"இப்ப தெரியுதா?" என்றாள். "வெயிலுக்குள்ளருந்து வரும்டி பந்து. டிசம்பர்லயே ஒங்கிட்டதான் சொன்னேன், கண்ணு கூசுதுன்னு."

சொன்னாள். பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்த நான் என்ன பதில் சொன்னேன்? "கூலிங் கிளாஸ் மாட்டிக்க மகாராணி, குடை பிடிக்க ஆள் அனுப்புறேன்." டீமே சிரித்தது. அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தேழு பக்கம் எழுதினேன். அதை மட்டும் எழுதவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். ருசிக்கவில்லை.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளையார் ஐதீகம் — அதைக் கட்டியவள் நான்.

முதல் மேட்ச் அன்றைக்குப் பெஞ்சில் போரடித்தது, பசித்தது. கேப்டன் ஷர்லியைக் கூப்பிட்டு அளந்துவிட்டேன்: "ஒனக்குத் தெரியுமா? முந்தி ஒரு டீம் தேங்கா ஒடச்சு, மொதப் பாதி பிள்ளையார் பக்கம் நின்னு, வருஷம் பூரா தோக்கவே இல்லையாம். எங்க சித்தி ஆடின டீமு." சித்தி வாழ்க்கையில் ஆடியது தாயம் மட்டும்தான். எனக்கு வேண்டியது தேங்காய்ச் சில்லு. ஷர்லி சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போட்டு, பயபக்தியோடு உடைத்தாள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் உடைத்தாள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நான் தின்றேன்.

ஒரு சில்லுக்கு ரெண்டு கோல்.

ஜனவரி 27, திங்கள்

என் பொய்யை ஒப்புக்கொள்ளாமல் கணக்கை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஷர்லியிடம் நோட்டை விரித்தேன்.

"பிள்ளையார விட்டுட்டு அங்கிட்டுப் போயி நின்னா வெளங்குமாடி?"

"பன்னெண்டு கோல் வாங்கிருக்கோம் ஷர்லி."

"பிள்ளையார் இல்லாட்டி இருவத்திநாலு வாங்கிருப்போம்."

இதற்கு எந்தப் புள்ளியியலில் பதில் இருக்கிறது?

ஜனவரி 28, செவ்வாய்

சார் கூப்பிட்டார். "ரெண்டரை மாசமா ஒழுங்கா இருந்திருக்க. சனிக்கிழமை லெஃப்ட்ல எறங்கு."

நவம்பரிலிருந்து இந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். பூட்ஸைத் துடைத்து வைத்தேன். லேஸ் மாற்றினேன். மறுபடி கழற்றினேன்.

சொன்னால் இறங்க முடியாது. சொல்லாவிட்டால் உண்ணாமலை இறங்க முடியாது.

இதில் கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை. நாளைக்கு.

ஜனவரி 29, புதன்

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும், வேப்பமரத்தடியில். சித்தி, டீம், தேங்காய் எல்லாம் புளுகு என்று சொன்னேன். உண்ணாமலை கண் கூசுகிறது என்று சொன்னபோது நான் சிரிக்கவைத்ததையும் சொன்னேன்.

முதலில் யாரும் நம்பவில்லை. இதுவும் ஒரு விளையாட்டு என்று சிரித்தார்கள். "இப்ப பஞ்ச எங்க வச்சிருக்க?" என்று ஒருத்தி கேட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததும்தான் சிரிப்பு நின்றது.

ஷர்லி பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "தேங்காக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருக்கலாம்.

சார் கையை நீட்டினார். "நோட்டக் கொண்டா." நின்றபடியே புரட்டினார். "எட்டு மேட்ச்ச வச்சு ஒரு கணக்கா?"

"கம்மிதான் சார். நம்பாட்டி நாளைக்கு அஞ்சேகாலுக்கு நீங்களே அந்த போஸ்ட்ல நில்லுங்க."

பின்னால் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

ஜனவரி 30, வியாழன்

சார் நின்றார். ஷர்லி பத்துப் பந்து தூக்கி அடித்தாள். ஏழு வலைக்குள். ஒன்று சாரின் மூக்கில்.

பிறகு அதே பத்து, பிள்ளையார் பக்க போஸ்டில், வெயிலுக்கு முதுகு காட்டி. இரண்டு மட்டும் உள்ளே போனது. சாருக்கு ஐம்பத்து மூன்று வயது, தொப்பை வேறு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உண்ணாமலை, கிளவுஸ எடுத்துட்டு வந்துரு" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ பெஞ்ச்சு. புதுப் பேனா எடுத்துட்டு வா."

எதிர்பார்த்ததுதான். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் செயின் ரெண்டு தடவை கழன்றது. நல்லதாகப் போயிற்று, குனிந்து அழ ஒரு காரணம் கிடைத்தது.

பிப்ரவரி 1, சனி

நாலு பத்துக்கு டாஸ். ஷர்லி ஜெயித்தாள். பிள்ளையாரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைக் கிழக்கே நீட்டினாள். "மொதப் பாதி நாங்க அங்கிட்டு."

ஹாஸ்டல் ஆட்கள் ஒரு மேடமும் ஒரு சாரும். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

19வது நிமிடம் ஒரு கோல் வாங்கினோம். கார்னர், உயரப் பந்து. அப்போதும் வெயில் இருந்தது, ஆனால் இன்னும் கண்ணுக்கு நேராக இறங்கவில்லை. நோட்டில் அப்படியே எழுதினேன்.

இரண்டாம் பாதி. உண்ணாமலைக்குப் பின்னால் பிள்ளையார், அவருக்கும் பின்னால் சூரியன். 38, 44, 51. மூன்று உயரப் பந்து வந்தது. மூன்றையும் மரத்திலிருந்து மாங்காய் பறிக்கிற மாதிரி எடுத்தாள். 57இல் ஒருத்தி தனியாக உள்ளே வந்துவிட்டாள். உண்ணாமலை ஓடிவந்து அவள் காலடியில் விழுந்தாள். எழுந்தபோது பந்து இவள் நெஞ்சில் இருந்தது. குடைக்கு அடியில் அந்த மேடம் எழுந்து நின்றார்.

58இல் ஷர்லி நடுவிலிருந்து தூக்கி அடித்தாள். எதிர் கீப்பர் கையைப் புருவத்தின் மேல் வைத்தாள். பாவம், அந்தப் புள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. 1–1.

ஜெயிக்கவில்லை. லீக்கில் ஐந்தாவது இடம்.

மேட்ச் முடிந்து ஷர்லி தேங்காய் எடுத்துக்கொண்டு பிள்ளையாரிடம் போனாள். "இன்னும் எதுக்குடி?" என்றேன். "அவரு பொய் சொல்லலையே, நீதான சொன்ன" என்றாள். எல்லாருக்கும் சில்லு கொடுத்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.

உண்ணாமலை தன் சில்லைக் கடித்து, பாதியை என் நோட்டின் மேல் வைத்தாள். தாளில் எண்ணெய்க் கறை. அழிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

என் தக்காளி சாதத்தை முழுசாகத் தின்றுவிட்டாள். நான் பட்டினி. நல்ல நாள்.

மே 12, திங்கள்

ஹாஸ்டல் லிஸ்ட் வந்துவிட்டது. கீழேயிருந்து மூன்றாவது பெயர் உண்ணாமலை. அபுதாபிக்குப் போன் போட்டாளாம். அவள் அப்பா கேட்டாராம்: "பூட்ஸு என்ன சைஸு?"

ஜூலை 12, சனி

உண்ணாமலை போய் ஒரு மாதம். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி மட்டும் நாலு பக்கம் கடிதம்.

நான் லெஃப்டில் ஆடுகிறேன். நோட்டும் என்னிடம்தான். புதுசு, சார் வாங்கித் தந்தது. அவரே கோடு போட்டு 'வெயில்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'பிரகதி சொன்னது — நெசமா?'

இன்று பிராக்டிஸில் புவனேஸ்வரி கிழக்கு போஸ்டிலிருந்து கத்தினாள். "அக்கா, இந்த மூலையில பந்து தப்புத் தப்பா எகிறுதுக்கா!"

நாக்கு நுனி வரைக்கும் ஒரு நக்கல் வந்துவிட்டது. நல்ல நக்கல்தான், டீமே புரண்டு சிரித்திருக்கும்.

ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். "எந்த மூல? காட்டு" என்றேன்.